வளர்த்தது யார்?

குடியாத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் கூடிக் கதை படிக்கிறோம். தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டு மாடி. கீழே கைலித் தறி. ஞாயிறன்று தறி ஓடாது, அதனால்தான் அந்தக் கிழமை. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், கல்லூரிக்குப் போகிற பெண்கள் வருவார்கள், அவர்களோடு வந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிற அம்மாக்களும் உண்டு. கதை முடிந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்த ஆளை வளர்த்தது யார்?

பள்ளிக்கூடத்தில் கதாபாத்திரத்தின் பண்புநலன்களை எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அன்பானவன், நேர்மையானவன், கோபக்காரன் என்று மூன்று சொல்லோடு பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். வளர்த்தது யார் என்று கேட்டால் அப்படி முடிக்க முடியாது. திரும்பக் கதைக்குள் போய்த் தேடியாக வேண்டும். சில கதைகளில் அம்மாவின் பெயர்கூட இருக்காது. மகன் பயப்படுகிற விதத்திலோ, காசை எண்ணுகிற விதத்திலோ அவள் இருப்பாள். அவளைத் தேடிப் பிடிக்கத்தான் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அதில் தெரிந்துகொண்டதை, இதுபோல் படிக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் புதிதாகப் படாது. விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி ஆம்பூருக்கு ஷூ வேலைக்குப் போய் இருட்டி வீடு திரும்புகிற அம்மாக்கள், பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிற அப்பாக்கள், பட்டாளத்தில் இருக்கிற அப்பாக்கள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்றாலே ராணுவத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வீடுகளில் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, சோறு போட்டு அனுப்புவது ஆயாவோ பெரியம்மாவோ மூத்த அக்காவோதான். என் அப்பாவும் பட்டாளத்துக்காரர். அம்மா அவரோடு ஊர் ஊராகக் குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டிருந்தார். நான் பெரியம்மாவிடம் வளர்ந்தேன்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாரதம் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பிரசங்கமும் ராத்திரியில் கூத்தும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரி எங்கள் தெருவில் யாரும் தூங்கமாட்டார்கள். பாயும் போர்வையும் எடுத்துப்போய் முன்னால் இடம் பிடிப்போம். குந்தி பேச்சு வருகிற இடத்தில் பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். பெரியம்மா மட்டும் அழமாட்டார். "இத்தினி நாளு எங்க இருந்தாளாம்? வளத்தவள ஒருத்தராவது கேட்டாங்களா?" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சத்தமாகவே சொல்வார்.

அந்த வளர்த்தவள் ராதை, தேரோட்டி அதிரதனின் மனைவி. நான் பார்த்த கூத்துகளில் அவளுக்கு வேஷம் கிடையாது. பெரியவளாகி வியாச பாரதத்தைப் படித்தபோது உத்தியோக பருவத்தில் அவளைக் கண்டேன். நீ குந்தியின் மூத்த மகன், அரசு உனக்குத்தான் என்று கண்ணன் வந்து கர்ணனிடம் சொல்கிறான். கர்ணன் என்ன பதில் சொல்கிறான் தெரியுமா? அதிரதன் தன்னை வீட்டுக்கு எடுத்துவந்ததும் பாசத்தால் ராதைக்குப் பால் சுரந்தது, தன் மலஜலத்தை அள்ளியவள் அவள், அவளுக்குச் செய்ய வேண்டிய கடனைத் தன்னால் எப்படி மறுக்க முடியும் என்கிறான். பேர் வைக்கச் செய்ததும் கல்யாணம் செய்துவைத்ததும் அதிரதன் என்கிறான். துரியோதனனின் நட்பை அதற்கு அப்புறம்தான் பேசுகிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோமே, அந்த விசுவாசத்தைக் கர்ணன் துரியோதனன் அரண்மனையில் கற்றுக்கொள்ளவில்லை. யார் சோறு போட்டார்களோ அவர்களைவிட்டுப் போகக்கூடாது என்பது தேரோட்டி வீட்டில் வந்த பழக்கம் என்றுதான் நான் படிக்கிறேன். அவனுடைய பெருமை, கேடு இரண்டுக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

இதை மாடியில் சொன்னபோது ஒரு பையன், "அப்போ குந்திகிட்ட இருந்து அவனுக்கு ஒண்ணுமே வரலியாக்கா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வந்தது, கவசமும் குண்டலமும் வந்தன, அவற்றோடு கைவிடப்பட்டவன் என்கிற காயமும் வந்தது. வில் போட்டியில் குலம் என்ன என்று கேட்டதும் அவன் தலை குனிகிறானே, அந்தக் குனிவு குந்தி கொடுத்தது. ஒரு பாத்திரத்தைப் படிக்கும்போது யாரிடமிருந்து எது வந்தது என்று இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். பெற்றவர் ஒன்று கொடுத்திருப்பார், வளர்த்தவர் ஒன்று கொடுத்திருப்பார், இல்லாமல் போனவரும் ஒன்று கொடுத்திருப்பார்.

தமிழில் இது பழைய சங்கதி. சங்க அகப்பாட்டில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி, செவிலியின் மகள்தான் தோழி. மகள் ஒருவனோடு போய்விட்டால் பாலை நிலத்தில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலி. கலித்தொகையின் 9ஆம் பாட்டில் எதிரே வரும் அந்தணர்களிடம் அவள்தான் வழியில் நின்று விசாரிக்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் மலைக்கு ஆகுமா, பூசிக்கொள்கிறவர்களுக்குத்தானே என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலின் நியாயத்தைத்தான் வகுப்பில் நடத்துவார்கள். நான் பிள்ளைகளைச் செவிலியின் பக்கம் பார்க்கச் சொல்வேன். வெயிலில் நிற்கிற அந்தப் பொம்பளைக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும்?

மணிமேகலைக்கு வந்தால் விஷயம் இன்னும் ஆழமாகிறது. மூன்று தலைமுறைப் பெண்கள். பாட்டி சித்திராபதிக்குப் பேத்தி குலத்தொழிலுக்கு வரவேண்டும். அம்மா மாதவிக்கு அது வேண்டாம். மாதவி அப்போது சொல்கிற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மதுரையை எரித்த மாபெரும் பத்தினியின் மகள் மணிமேகலை, அவளைத் தவநெறியில்தான் விடுவேன், தீத்தொழிலில் விடமாட்டேன் என்கிறாள். தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகள் என்று ஒரு தாயே சொல்கிறாள்! தன் தாயிடமிருந்து வந்தது தன் மகளுக்குப் போகக்கூடாது என்று நடுவில் நின்று தடுக்கிற ஒருத்தி, அதற்காக இன்னொரு தாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். மணிமேகலை துறவுக்குப் போனதை அவளுடைய மன உறுதி என்று மட்டும் எழுதினால் மாதவி செய்த வேலை தெரியாமலே போய்விடும்.

இந்த மாதிரி வாசிப்புக்கு ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்றால் நான் ஜெயகாந்தனை எடுப்பேன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏறிய கல்லூரிப் பெண், நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அடிக்கிறாள், அப்புறம் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விஷயம் அந்த வீட்டோடு முடிகிறது. கதை வந்தபோது பெரிய சர்ச்சை. அதே எழுத்தாளர் பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அதே பெண்ணின் அம்மா அப்படிச் செய்யாமல் ஊர் கேட்கக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமாவின் தயவில் படிக்கிறாள், அந்த மாமாவின் பார்வையும் சரியில்லை. வேலை, சம்பளம், மரியாதை எல்லாம் வந்த பிறகும் அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை அந்த ஒரு சாயங்காலத்தில் நின்றுபோகிறது. நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

பெண் ஒருத்திதான், மழையும் ஒன்றுதான், மாறியது அம்மாவின் அந்த ஒரு நிமிஷம். பெற்றோர் ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்குகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி தமிழில் நான் படித்ததில்லை. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. கல்லூரிப் பெண்களும் அம்மாக்களும் மட்டும் இருக்கிற நாளில் வைப்போம். சிறுகதையைச் சத்தமாகப் படித்துவருகிறவர், பெண் அம்மாவிடம் சொல்லிவிடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இப்போது அம்மா என்ன செய்வாள் என்று கேட்க வேண்டும். ஆளாளுக்குச் சொல்லி முடித்த பிறகு மிச்சத்தைப் படித்து, அடுத்த கூட்டத்தில் நாவலை எடுக்க வேண்டும்.

அப்படிப் படித்த ஒரு காலையில், பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெண்களெல்லாம் நாவலில் வருகிற அம்மாவைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடித்துத் தட்டில் போட்டுவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார்: "அந்தம்மாவ ஏன் அத்தினி பேரும் திட்டறீங்க? புருஷன் இல்லாதவ, புள்ள கையில சோறு துன்றவ. பக்கத்து வூட்டுக்குக் கேட்டுச்சின்னா அவன் நம்மளயும் தொரத்துவானேன்னு பயம் இருக்காதா? அவளுக்கு யாரு தண்ணி ஊத்தனாங்க?"

அன்றிலிருந்து கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வளர்த்தவரை வளர்த்தது யார்? பெற்றோர் பாத்திரத்தை வில்லனாகவோ தெய்வமாகவோ ஆக்கிவிடாமல் இருக்க எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விதான் உதவுகிறது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. கணவன் இருக்க வேறொருவரோடு உறவு வைத்தவள், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேத பாடசாலைக்கு அனுப்பினவள். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத கணவர் தண்டபாணியை யாருமே தொடமாட்டார்கள். அப்பாவின் மௌனமும் ஒரு வளர்ப்புத்தான் என்று நான் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் அந்த நாவலைப் பற்றி இங்கே பேசினால் வேறு எங்கோ போய்விடும்.

பையன்களுக்குப் பிடித்தது பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம். அப்பா அவனோடு காட்டுக்குப் போகிறார். அதுதான் நாவலே. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எங்கே படுத்தால் பாதுகாப்பு என்று இருவரும் நாள் கடத்துகிறார்கள். உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்பா கூட இருக்கிறார். எங்கள் பையன்கள் இதைப் படித்துவிட்டு வெட்டுக்குத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். "அந்தப் பையன்கூட அவங்க அப்பா அத்தினி நாளு ஒண்ணா இருக்காரு இல்லக்கா" என்றான் ஒருவன். அவனுடைய அப்பா பெங்களூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார்.

இந்த இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். பெற்றோரைப் பற்றிய கதை எடுத்தால் பிள்ளைகள் தங்கள் வீட்டைத் திறந்துவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்கக்கூடாது. "உன் வீட்டில் எப்படி?" என்கிற கேள்வியை எங்கள் மாடியில் யாரும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். பாத்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. சிதம்பரத்தின் அப்பா என்று சொல்லிக்கொண்டே ஒரு பையன் தன் அப்பாவைப் பற்றிப் பேச முடியும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. தானாகவே சொல்லிவிட்டால், சரி என்று கேட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். கூட்டம் கலைந்த பிறகு, படியிறங்கும்போது, அவன் பேச விரும்பினால் பேசலாம். குடிக்கிற அப்பா வருகிற கதை என்றால் யார் யார் வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வேன். அம்மாவும் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருமே உண்மை பேசமாட்டார்கள். அம்மாக்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், பிள்ளைகள் படிக்கட்டுப் பக்கம். இது சின்ன விஷயமாகத் தெரியும். இதைச் செய்த பிறகு பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது.

உள்ளூர்க்காரர் மு. வரதராசனாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாலாஜாபேட்டை பக்கம் வேலம் அவருடைய ஊர், திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்தவர். 1961இல் சாகித்திய அகாதமி பெற்ற 'அகல் விளக்கு' வாலாஜாபேட்டையில்தான் தொடங்குகிறது. நமக்குத் தெரிந்த ஊர் கதையில் வந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். வேலய்யன், சந்திரன் என்று இரண்டு நண்பர்கள். சந்திரனுக்கு அழகும் உண்டு, அறிவும் உண்டு, அவன் சீரழிகிறான். வேலய்யன் சாதாரணப் படிப்புக்காரன், நிலைத்து நிற்கிறான். மு.வ. தன் கருத்தைப் பாத்திரங்களின் வாயில் வைத்து நீளமாகப் பேசவிடுவார், அது இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அலுப்பு. பரவாயில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லாரும் கொண்டாடுகிற ஒருவனைத் தட்டிக்கேட்க ஆள் இருந்தார்களா என்று தேடச் சொல்லிப் படிக்கவைத்தால் அந்த நாவல் இன்றைக்கும் பேசும். எங்கள் பக்கத்துப் பத்தாம் வகுப்பு முதல் மதிப்பெண் பிள்ளைகளின் வீடுகளில் அது நன்றாகவே பேசும்.

கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்போம். ஒரு ஆள் தனியாக ஒரு வேலை செய்கிறதை எழுது. அந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதாதே, படிக்கிறவருக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான். அம்மா அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் தியாகம், பாசம், கண்கண்ட தெய்வம் என்று ஒரே அச்சில் வரும். இந்தப் பயிற்சியில் அப்படி வருவதில்லை.

ஒரு பெண் எழுதியதைச் சொல்கிறேன். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒருத்தி. மேசை நாற்காலி இருந்தும் தரையில்தான் உட்காருகிறாள். சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, மடியில் நோட்டை வைத்து எழுதுகிறாள். எழுதி முடித்த தாளை இடது பக்கம் அடுக்குகிறாள். இருபத்தைந்து தாள் சேர்ந்ததும் தன்னை அறியாமல் தட்டிச் சமன்படுத்தி ஓரமாக வைக்கிறாள். கட்டிலில் படுத்திருக்கிற தோழி, "ஏண்டி, எண்ணி எண்ணி வைக்கிற?" என்று கேட்கிறாள். "தெரியல" என்கிறாள் இவள். பீடிக் கட்டு என்கிற வார்த்தையோ ஆயா என்கிற வார்த்தையோ எங்கேயும் இல்லை. மாடியில் படித்தபோது அந்த முறக்கார அக்கா உடனே சிரித்துவிட்டார். மற்ற ஊரில் படித்தால் புரியாமல் போகலாம் என்று ஒரு பையன் சொன்னான். அதற்காக ஒரு வரி சேர்க்கலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையின் வாசனை அவள் பெட்டித் துணியில் இருக்கட்டும் என்று கடைசியில் அவளே ஒரு வரி சேர்த்தாள்.

எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது: பெற்றோரை அறிமுகப்படுத்தப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். பாத்திரம் அவசரத்தில் என்ன செய்கிறது, அவமானத்தில் என்ன செய்கிறது, காசு கையில் வந்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். வீட்டில் கற்றது அப்போதுதான் வெளியே வரும். பெற்றோருக்கு எதிராகப் போகிற பாத்திரம் என்றாலும் எதற்கு எதிராகப் போகிறது என்று தெரிய வேண்டும். மாதவி இல்லாமல் சித்திராபதியின் பேத்தி எதிர்த்திருக்க முடியாது.

இப்போது ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவருகிறோம். யாரோ பெற்ற பிள்ளை ஹென்றி. வளர்த்த அப்பா இறந்த பிறகு அவருடைய ஊரையும் பூட்டிக் கிடக்கிற வீட்டையும் தேடி வருகிறான். சொத்துக்குப் பங்கு கேட்டு வந்திருப்பானோ என்று ஊரே பார்க்கிறது. அவனுக்கு யார்மேலும் கசப்பு இல்லை. "இவனுக்குக் கோவமே வராதாக்கா? இப்படி ஒரு ஆளு இருப்பானா?" என்று பிள்ளைகள் நம்பாமல் கேட்கிறார்கள். போன வாரம் அதற்கு விடை கிடைக்கவில்லை. ஹென்றி தன் பப்பாவைப் பற்றிப் பேசுகிற இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறேன். கையில் இருக்கிற பிரதிகள் குறைவு, இரண்டிரண்டு பேராகப் பகிர்ந்து படிக்கிறார்கள். வருகிற ஞாயிறு அந்த இடங்களை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவோம்.